குமுளிப் பக்கம் பார்த்து

கத்தரீனாள்: கட்டு போடுத எடம் அந்தக் கோடியில இருக்கு அண்ணாச்சி. இது பொம்பளையாளுக வார்டு.

அழகுமலை: தெரியும்க்கா. கட்டு போட்டாச்சு. சும்மா… காத்தாட உக்காந்தேன்.

கத்தரீனாள்: நேத்தும் இதே பெஞ்சுல காத்தாடத்தான் உக்காந்திருந்திய.

அழகுமலை: நேத்து நான் வரலையே. முந்தாநாத்து வந்தேன்.

கத்தரீனாள்: ம்… அப்ப எண்ணிக்கிட்டுத்தான் இருக்கிய. இன்னையோட நாலாவது தடவ. ஒரு கட்டவெரலுக்காக வண்டிப்பெரியார்ல இருந்து மலை எறங்கி நாலு தடவையா? அங்க எஸ்டேட்டுல கம்பவுண்டர் செத்தாப் போயிட்டாரு?

அழகுமலை: ஆழமான வெட்டுக்கா. கவாத்துக் கத்தி. செடியை வெட்டுறதுக்குப் பதிலா…

கத்தரீனாள்: கட்டு போடுத சிஸ்டரு என்ன சொல்லுதா தெரியுமா? காயம் ஆறிப்போச்சாம். ‘அந்தத் தமிழ்க்காரரு வந்து வெரல நீட்டுதாரு, நானும் பாவமேன்னு துணியச் சுத்தி அனுப்புதேன்’னு சொல்லிச் சிரிக்கா. நான் இந்த வார்டு ஆயா. பேரு கத்தரீனாள். அறுபத்தெட்டுல இங்க வந்தேன், ஆறு வருசமாச்சு. இந்தப் பெஞ்சுல எத்தனையோ ஆம்பளையப் பாத்திருக்கேன். உள்ள பொண்டாட்டி பிள்ளை பெத்துக்கிட்டு இருந்தா உக்காருவாக. இல்லன்னா, என்னத்தையோ கேக்கணும், வாய் வரலைன்னா உக்காருவாக. நீங்க எந்த ரகம்?

அழகுமலை: ரெண்டாவது ரகம்னு வச்சுக்கங்களேன்.

கத்தரீனாள்: அப்பக் கேளுங்க. நான் இந்தத் துணிய மடிச்சுக்கிட்டே கேக்கேன். ஒங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன்.

அழகுமலை: எங்க எஸ்டேட்டு லயத்துல, வரிசை வீட்டுல… ஒரு பொம்பள இருக்கா.

கத்தரீனாள்: லயத்துல ஒரு பொம்பளதானா? பாக்கிப்பேரு எங்க போனாக?

அழகுமலை: கேலி பண்ணாதீக. அந்தப் பொம்பளைக்கு ஒரு சீக்கு. வெளிய சொல்ல முடியாத சீக்கு.

கத்தரீனாள்: எங்க?

அழகுமலை: எங்கன்னா… கீழ.

கத்தரீனாள்: காலா?

அழகுமலை: காலுக்கு மேல.

கத்தரீனாள்: முட்டியா?

அழகுமலை: அக்கா… ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்.

கத்தரீனாள்: சரி, சரி. அடி எறங்கிப்போச்சா?

அழகுமலை: … ஆமா.

கத்தரீனாள்: இம்புட்டுத்தானே. அதைச் சொல்ல நாலு பஸ்ஸு ஏறி எறங்கியிருக்கிய. அண்ணாச்சி, இந்த வார்டுல பன்னெண்டு கட்டிலு. அதுல அஞ்சு கட்டிலு அந்தச் சீக்குக்காரிகதான். அஞ்சு பேரும் தோட்டத்துப் பொம்பளைக. ஒவ்வொருத்தியும் ஒலகத்துல தனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு வாரா. வந்து பக்கத்துக் கட்டில்ல பாத்த பெறகுதான் மூச்சு விடுதா.

அழகுமலை: அது ஏன்க்கா வருது?

கத்தரீனாள்: ஏன் வராது? பிள்ளை பெத்து இருபதாம் நாளு கூடையத் தலையில மாட்டுதாளுக. கையால கொழுந்து கிள்ளுனாலும் பாரம் பூரா கீழதான எறங்கும். உள்ள தாங்கிப் பிடிக்கிற சதை தொளதொளத்துப் போவும். கர்ப்பப்பை எடத்த விட்டு நழுவி, மூத்திரப்பையையும் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து நிக்கும். இவளுக என்ன செய்வாளுக? துணியச் சுருட்டி அடைச்சுக்கிட்டு, நனையாம இருக்க இடுப்புல படங்குச் சாக்கு கட்டுவாளுகளே, அந்தக் கயித்த இறுக்கிக் கட்டிக்கிடுவாளுக. இறுக்க இறுக்க மேல இருக்கிறதும் கீழதான் அமுங்கும். அது தெரியாம இன்னும் இறுக்குவாளுக.

அழகுமலை: ஆமா… கயிறு அழுந்தி இடுப்புல தடம் இருக்கும்.

கத்தரீனாள்: யாரு இடுப்புல?

அழகுமலை: இல்ல… இருக்கும்னு சொன்னேன்.

கத்தரீனாள்: ம். இருக்கும், இருக்கும்.

அழகுமலை: அதுக்கு ஆபரேசன் பண்ணுவாகளாமே. வயித்தக் கிழிச்சு…

கத்தரீனாள்: யாரு சொன்னா? ஏலியம்மா டாக்டர் வயித்துல கத்தியே வைக்கமாட்டாக. பிள்ளை வந்த வழியாவேதான் எல்லாம். எறங்கிப்போன பையை அந்த வழியாவே எடுத்திருவாக. மூத்திரப்பையத் தூக்கி அது இருக்கவேண்டிய எடத்துல நிறுத்தி, தொளதொளத்த சதையை ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தச்சிருவாக. முன்னால ஒரு தையலு, பின்னால ஒரு தையலு. வெளிய பாத்தா ஒரு கீறல் தெரியாது. முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மரத்துப் போவும். ஆளு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

அழகுமலை: முழிச்சுக்கிட்டா?

கத்தரீனாள்: முழிச்சுக்கிட்டேதான். டாக்டரம்மா கை பாட்டுக்கு வேலை செய்யும், வாயி பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கும். ‘ஒனக்கு எத்தனை பிள்ளை, மூத்தவன் என்ன செய்யுதான்’னு. ஆளு இத்துணூண்டு. ஸ்டூல்ல உக்காந்தா காலு தரைக்கு எட்டாது. தேயிலைப் பெட்டி ஒண்ணக் கமுத்திப் போட்டு அதுமேல கால வச்சுக்கிடுவாக. அந்தப் பெட்டியத் தொடச்சு எடுத்து வைக்கிறது யாரு? நான்தான். வேற யாரையும் தொடவிடமாட்டேன்.

அழகுமலை: நல்ல டாக்டரா?

கத்தரீனாள்: என்ன அப்படிக் கேட்டுட்டிய. ஒண்ணு சொல்லுதேன். இந்த அம்மா வந்த புதுசுல, தோட்டத்துப் பொம்பளைகளுக்கே ஏன் இது வருதுன்னு யோசிச்சிருக்காக. யோசிச்சா நீங்க நான்னா என்ன செய்வோம்? புஸ்தகத்தப் பாப்போம். இந்த அம்மா ஒரு லீவு நாளுல பஸ்ஸு ஏறி மேல ஒரு எஸ்டேட்டுக்குப் போயி, எடை போடுத எடத்துல நின்ன ஒரு பொம்பளகிட்ட இருந்து நிறைஞ்ச கூடைய வாங்கித் தன் தலையில மாட்டிக்கிட்டு ஏத்தத்துல நடந்திருக்காக. கணக்கப்பிள்ளை ஐயோ அம்மான்னு பின்னாலயே ஓடுதாராம். அம்பது அடி நடந்து, கீழ எறக்கிவச்சாகளாம். மறுநாளு இங்க வந்தப்பக் கழுத்து திரும்பல. அப்படியே கழுத்த வச்சுக்கிட்டு ரெண்டு ஆபரேசன் பண்ணுனாக. அன்னையில இருந்து எந்தத் தோட்டத்துக்காரி வந்தாலும் ‘ஏன் முந்தியே வரலை’ன்னு கேக்கிறதே இல்ல. அதக் கேட்டு நான் பாத்ததில்ல.

அழகுமலை: கேக்காம இருக்காகளா… பெரிய மனசுதான்.

கத்தரீனாள்: கேட்டாக் கூசிப்போவாள்லா. அது தெரியும் அந்த அம்மாவுக்கு.

அழகுமலை: ஆபரேசன்ல… ஆளு செத்துக் கித்து…?

கத்தரீனாள்: வாயக் கழுவுங்க. ஆறு வருசத்துல ஒருத்தி போகல. ஏன், இப்பப் போன சனிக்கெழமை ஒருத்திக்கு நடந்துச்சு. பாதியில இடி இடிச்சு கரண்டு போச்சு.

அழகுமலை: சனிக்கெழமையா?

கத்தரீனாள்: சனிக்கெழமைதான். கும்மிருட்டு. டாக்டரம்மா, ‘கத்தரீனா, டார்ச்சு’ன்னாக. அம்புட்டுத்தான். நான் பிடிச்சேன். முக்கா மணிநேரம் பிடிச்சேன். அந்த அம்மா கையில ஒரு நடுக்கம் கிடையாது. நூலு போயிப் போயி வருது. படுத்திருக்கவ என்ன கேக்கா தெரியுமா? ‘டாக்டரம்மா, கண்ணு தெரியுதா ஒங்களுக்கு, நான் வேணும்னா நாளைக்கி வரட்டுமா’ங்கா.

அழகுமலை: அப்படியா கேட்டா… அப்படித்தான் கேப்பா.

கத்தரீனாள்: என்னது?

அழகுமலை: இல்ல. தோட்டத்துப் பொம்பளைக அப்படித்தான கேப்பாக. அந்தம்மா இப்ப எப்படி இருக்கு?

கத்தரீனாள்: நல்லா இருக்கா. மூத்திரக் குழாய நேத்து எடுத்தாச்சு. தானாப் போறா. எட்டு வருசத்துக்குப் பெறகு தொந்தரவு இல்லாமப் போனேன்னு சொல்லிட்டு, கக்கூஸு வாசல்லயே நின்னு அழுதா. என்ன அண்ணாச்சி, தண்ணி வேணுமா?

அழகுமலை: வேண்டாம்க்கா. கண்ணுல தூசி.

கத்தரீனாள்: தூசிதான். இந்த வராந்தாவ இப்பத்தான் கழுவிவிட்டேன். சரி, நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க. அந்த லயத்துப் பொம்பள… ஒங்களுக்கு என்ன வேணும்?

அழகுமலை: வேண்டியவதான்.

கத்தரீனாள்: எம்புட்டு வேண்டியவ?

அழகுமலை: நான் தாலி கட்டுனவ.

கத்தரீனாள்: அப்படி வாங்க வழிக்கு. அவ சொன்னாளா ஒங்ககிட்ட?

அழகுமலை: சொல்லலை. இன்னைக்கி வரைக்கும் சொல்லலை. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது.

கத்தரீனாள்: பெறகு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

அழகுமலை: சிரிப்பு நின்னுபோச்சுக்கா.

கத்தரீனாள்: வெளங்கலை.

அழகுமலை: அவ சிரிச்சா மூணாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கிறவளுக்குக் கேக்கும். கல்யாணத்தன்னைக்கே சிரிச்சவ. எங்க ஆத்தா கூட வஞ்சுச்சு, இது என்னடா பொம்பளைன்னு. எட்டு வருசம் முந்தி அது நின்னுபோச்சு. சிரிப்பு வந்தா ஒதட்டக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவா. எம்மேல கோவம்னு நெனச்சேன். வேற என்னென்னமோ நெனச்சேன். மூணு வருசம் முந்தி எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகலை. கொடியில அவ படங்கு காஞ்சுச்சு. மழை வருதேன்னு எடுக்கப் போனா, உள்ள ஒளிச்சு வச்சாப்ல துணி. சுருட்டிச் சுருட்டி, கறை பட்ட துணி. நான் பிள்ளை இல்லையே, நாலு பெத்தவன். எங்க பழைய கம்பவுண்டர்கிட்ட, யாரோ ஒருத்திக்குன்னு கேட்டேன். அவரு சொன்னாரு. சிரிச்சாலும் இருமுனாலும் கீழ தள்ளுமாமே. அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு, ஏன் சிரிக்கலைன்னு.

கத்தரீனாள்: புரிஞ்சு என்ன செஞ்சிய?

அழகுமலை: என்னத்தச் செய்ய. தண்ணிக்கொடம் நான் தூக்க ஆரம்பிச்சேன். வெறகு நான் கொண்டாந்தேன். லயமே சிரிச்சுச்சு, இவன் பொண்டாட்டிக்கு வேலைக்காரன்னு. சிரிக்கட்டும்னு விட்டேன். குத்தவச்சா அவளுக்கு வலிக்கும்னு அடுப்பைத் தூக்கிக் கட்டுனேன்.

கத்தரீனாள்: அடுப்பையா?

அழகுமலை: கல்லும் மண்ணும் வச்சு இடுப்பு ஒயரத்துக்கு. நின்னுக்கிட்டே ஒலை வைக்கலாம். ஏன்யா இப்படின்னா. துரை பங்களாவுல அப்படித்தான் இருக்கு, நம்மளும் நின்னு சமைப்போம்னேன்.

கத்தரீனாள்: … துரை பங்களாவுல அப்படித்தான்னு.

அழகுமலை: ஆமா. ஏன்க்கா, ஒரு மாதிரியாப் பாக்குறீக?

கத்தரீனாள்: ஒண்ணுமில்ல. சொல்லுங்க. இம்புட்டுத் தெரிஞ்ச மனுசன், வாடின்னு கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்லா? மூணு வருசம் என்ன செஞ்சிய?

அழகுமலை: முடியாதுக்கா. நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்.

கத்தரீனாள்: என்ன வார்த்த?

அழகுமலை: அது எட்டு வருசத்துக்கு முந்தி. எங்க லயத்துல ஒரு பொம்பளைக்கு இதே சீக்கு. புருசன்காரன் அவளைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிட்டுட்டான். நாங்க ஆம்பளைக உக்காந்து சீட்டு வெளையாடிக்கிட்டு இருந்தோம். பேச்சு வந்துச்சு. நான்…

கத்தரீனாள்: நீங்க, அவன் செஞ்சதுதான் சரின்னிய. அந்த மாரித்தாய் மாதிரி அடி எறங்குனவளை வச்சுக்கிட்டு எவன் குடும்பம் நடத்துவான்னிய. சொல்லிட்டுச் சிரிச்சிய.

அழகுமலை: அப்படியே சொல்றீகளேக்கா.

கத்தரீனாள்: அப்படித்தான ஆம்பளைக பேசுவிய. ஊர்ல நடக்கிறதுதான.

அழகுமலை: ஆமா. அப்படித்தான் பேசுனேன். எம் பொண்டாட்டி தண்ணிக்கொடத்தோட பக்கத்துல போயிக்கிட்டு இருந்தா. திரும்பிப் பாக்காமப் போனா. அப்ப அவளுக்கு ஆரம்பம் போல. எனக்கு என்ன தெரியும்? கூட இருக்கவன் சிரிக்கணும்னு பேசுனது. அதுக்குப் பெறகு அவ சிரிக்கலை. இப்ப நான் போயி, எனக்குத் தெரியும்டின்னு சொன்னா, அந்தப் பேச்சுத்தான் அவ காதுல விழும்.

கத்தரீனாள்: விழும்தான்.

அழகுமலை: அதான் வாய மூடிக்கிட்டு அடுப்பக் கட்டுனேன்.

கத்தரீனாள்: இப்ப எங்க அவுக?

அழகுமலை: கம்பத்துல. தங்கச்சி ஊட்டுக்கு. வீரபாண்டித் திருவிழாவும் பாத்துட்டு, தங்கச்சி மக சடங்கும் முடிச்சுட்டு மூணு வாரம் கழிச்சு வாரேன்னு சொல்லிட்டுப் போனா.

கத்தரீனாள்: அப்படியா… கம்பத்துல. நல்லது. திருவிழா நல்லா இருக்கும்.

அழகுமலை: இருக்கும்.

கத்தரீனாள்: அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கட்டா? ஒரு பொம்பள, புருசனுக்குத் தெரியாம இந்த ஆபரேசன் செஞ்சுக்கிட்டான்னு வைங்க. புருசன்காரன் தெரிஞ்சு வந்து இங்க நின்னு கத்துவானா?

அழகுமலை: எந்தப் புருசன்காரன்?

கத்தரீனாள்: எவனோ ஒருத்தன். ஏன் கேக்கேன்னா, இந்த ஆபரேசனுக்குப் புருசன் ஒப்பு, அதான் கையெழுத்து, போடணும். இங்க அதான் வழக்கம். நான் சொன்னேன்லா, டார்ச்சு வெளிச்சத்துல ஒருத்திக்கு நடந்துச்சுன்னு. அவ, புருசனுக்குத் தெரியணும்னா எனக்கு ஆபரேசனே வேண்டாம்னு மூட்டையக் கட்டிட்டா. புண்ணு வேற. அது ஆறவே ஆறு நாளு மஞ்ச மருந்து வச்சு வச்சு எடுத்தோம். அத்தனையும் பொறுத்தவ, ஒப்புன்னதும் கெளம்பிட்டா.

அழகுமலை: பெறகு?

கத்தரீனாள்: டாக்டரம்மா, ‘ஒடம்பு ஒன்னோடது, ஒன் கைநாட்டுப் போதும்’னாக. ஆனா சொந்தக்காரக ஒருத்தராவது சாட்சிக்கு வேணும்லா. நான் போட்டேன். அக்கான்னு.

அழகுமலை: நீங்களா?

கத்தரீனாள்: நான்தான். வேதக்காரி கத்தரீனாளுக்குக் கம்பத்து… ஒரு இந்துக்காரி தங்கச்சி. டாக்டரம்மா அந்தக் காயிதத்த வாசிச்சாக. என்னைப் பாத்தாக. அவளைப் பாத்தாக. ஒண்ணும் சொல்லாமக் கீழ தன் கையெழுத்தப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. புருசன்காரன் வந்து சண்டை போட்டா, என் வேலையும் போவும், அந்த அம்மாவுக்கும் சங்கடம்.

அழகுமலை: சண்டை போட மாட்டான்.

கத்தரீனாள்: ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

அழகுமலை: தெரியும்னு வைங்க.

கத்தரீனாள்: சண்டை கூடப் பெரிசில்ல. அதை விடப் பெரிய பயம் ஒண்ணு எனக்கு இருக்கு. தச்ச எடம் கெட்டிப்பட மூணு மாசம் வேணும். மூணு மாசம் தண்ணிக்கொடம் கூடாது, வெறகு கூடாது, கூடைங்கிற பேச்சே கூடாது. தூக்கினா டாக்டரம்மா தச்ச அத்தனையும் பாழு. இரண்டாந்தடவை தைக்கச் சதை இருக்காதாம். இவ என்ன சொல்லுதா? போன மறுநாளே மலைக்குப் போவேங்கா. சும்மா வீட்டுல இருந்தா என்ன ஏதுன்னு புருசன் கேப்பானாம். லீவுக்குக் காயிதம் குடுத்தா எஸ்டேட் ஆஸ்பத்திரியில வாசிச்சு லயம் பூரா சொல்லிருவாகளாம். டாக்டரம்மா நேத்து அவ கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுதாக. நான் சாமி படத்து முன்னால சத்தியம் வாங்குனேன். தலைய ஆட்டுதா. ஆனா தூக்குவா. எனக்குத் தெரியும், தூக்குவா.

அழகுமலை: தூக்கமாட்டா.

கத்தரீனாள்: நீங்க அவளைப் பாத்ததில்ல…

அழகுமலை: தூக்கவிட மாட்டேன். இல்ல… அவ புருசன் விடமாட்டான்.

கத்தரீனாள்: எப்படி? தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டு எப்படித் தடுப்பான்?

அழகுமலை: அக்கா, இந்தக் காப்பப் பாத்தீகளா?

கத்தரீனாள்: வந்த அன்னைக்கே பாத்தேன். வெள்ளிக் காப்பு. சாமியாடியா?

அழகுமலை: லயத்து மாரியம்மன் கோயில்ல இருபத்திரண்டு வருசமா ஆடுறேன். அவ எம்மேல எறங்கி வாக்கு சொல்வா. நானா ஒரு வார்த்த சேத்துச் சொன்னதில்ல. ஆடி முடிஞ்சா என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாது. வர்ற மாசம் கோயில் பொங்கல். இந்தத் தடவை நானாச் சொல்லப்போறேன்.

கத்தரீனாள்: என்னன்னு?

அழகுமலை: இவ மூணு மாசம் எனக்கு வெரதம், இவ தலையில பாரம் ஏறுனா நான் குளுமையா இருக்கமாட்டேன்னு. எங்க கங்காணி துரைக்குப் பயப்பட மாட்டான், மாரிக்குப் பயப்படுவான். ஃபாக்டரியில உக்காந்து தேயிலையில குச்சி பொறுக்குற வேலை போட்டுருவான். தண்ணி, வெறகு எப்பவும் போல நான்.

கத்தரீனாள்: பொங்கலு வர்றவரைக்கும்?

அழகுமலை: அதுவரைக்கும் எனக்கு வெரலு சரியில்ல. ஒத்தக் கையால சோறு திங்க முடியலை, ஒடம்பு முடியலைன்னு அவளை வீட்டுலேயே நிறுத்திக்கிருவேன். அதுக்காகத்தான இந்தக் கட்ட அவுக்கலை.

கத்தரீனாள்: சாமி பேரச் சொல்லிப் பொய்யி சொல்லுவியளா? இருபத்திரண்டு வருசம்…

அழகுமலை: மாரியம்மாவும் பொம்பளதானக்கா. பொறுத்துக்குவா.

கத்தரீனாள்: … நான் மாதாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைக்கேன்.

அழகுமலை: அக்கா.

கத்தரீனாள்: சொல்லுங்க.

அழகுமலை: உள்ள… இப்பச் சிரிச்சது யாரு?

கத்தரீனாள்: வார்டுன்னா நாலு பேரு சிரிக்கத்தான் செய்வாக.

அழகுமலை: நாலு பேரு இல்ல. அதுல ஒண்ணு. மூச்சு முட்டுறாப்ல ஆரம்பிச்சு… இந்தா. திருப்பியும். எட்டு வருசமாச்சுக்கா இதைக் கேட்டு.

கத்தரீனாள்: அழுவாதிய அண்ணாச்சி. ஆளுக பாக்காக. இங்க பாருங்க, நான் மறைச்சது தப்புத்தான். சுருளியம்மா கம்பத்துல இல்ல. உள்ளதான் இருக்கா, மூணாவது கட்டில்ல. அக்கான்னு ஒப்பு போட்டது அவளுக்குத்தான். ஒங்க காப்பப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம், புருசன் சாமியாடின்னு அவ சொல்லியிருக்கா. அடுப்புன்னியளே, அப்ப உறுதியாப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் துரைன்னு நெனப்பு, அடுப்பத் தூக்கிக் கட்டியிருக்காருன்னு அவ சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். கோவம்னா என்மேல கோவப்படுங்க. அவளை ஒண்ணும்…

அழகுமலை: தெரியும்க்கா.

கத்தரீனாள்: என்ன தெரியும்?

அழகுமலை: உள்ள இருக்கிறது அவதான்னு. தாய் வீட்டுக்கு அனுப்புன அந்த மாரித்தாய் பேரை நான் சொல்லவே இல்லையே, நீங்கதான சொன்னீக. எம் பொண்டாட்டி சொல்லாம ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்கும் முந்தியே தெரியும். கெளம்புன அன்னைக்கி, பஸ் ஏத்திவிட வரவேண்டாம்னுட்டா. மனசு கேக்கலை, பின்னாலயே வந்து டீக்கடையில நின்னேன். கம்பத்துக்குப் போறவ ரோட்டுக்கு அந்தப் பக்கம்ல நிக்கணும்? இவ இந்தப் பக்கம் நின்னா. கோட்டயம் பஸ் வந்துச்சு. ஏறிட்டா. திரும்பி வந்த கண்டக்டர்கிட்ட எங்க எறங்குனான்னு கேட்டேன். மிஷன் ஆஸ்பத்திரி வாசல்லன்னான். அன்னைக்குச் சாயங்காலமே வெரல வெட்டிக்கிட்டேன்.

கத்தரீனாள்: வேணும்னேவா?

அழகுமலை: இங்க வர ஒரு சாக்கு வேணும்ல. கத்தி கொஞ்சம் கூட எறங்கிருச்சு, அம்புட்டுத்தான்.

கத்தரீனாள்: இயேசுவே… எந்திரிங்க. வாங்க உள்ள. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.

அழகுமலை: வேண்டாம்க்கா. நான் வாய விட்டதுக்கு அவ எட்டு வருசம் மறைச்சிருக்கா. தனியா வந்து, தனியாப் படுத்து, இருட்டுல தையலு போட்டுக்கிட்டு… எங்க தோட்டத்துல அம்புட்டுத் தைரியம் எந்த ஆம்பளைக்கும் இல்ல. எனக்கு இல்ல. சொல்லணும்னு அவளுக்கா தோணுறப்பச் சொல்லட்டும். அதுவரைக்கும் அவ கம்பத்துலதான் இருக்கா.

கத்தரீனாள்: அப்ப இன்னொண்ணையும் கேளுங்க. வெள்ளிக்கெழமை வீட்டுக்கு விடுதாக. ஒங்க சுருளியம்மா என்ன திட்டம் போட்டிருக்கா தெரியுமா? கம்பத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கணும்னு, வண்டிப்பெரியார்ல எறங்காம, அதத் தாண்டிக் கம்பத்து ரோட்டுல குமுளி வரைக்கும் போயி, அங்க இருந்து மாறி வேற பஸ்ஸுல திரும்பி வந்து எறங்கப்போறாளாம். அம்புட்டுக் குலுக்கல் ஆவாதுன்னு டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிடுதாக. நீங்க ஸ்டாண்டுல நிப்பியளாம், கீழ இருந்து வர்ற பஸ்ஸுல எறங்குனா அந்த எடத்துலயே தெரிஞ்சு போவுமாம்.

அழகுமலை: நேரா வண்டிப்பெரியாருக்கே டிக்கெட் எடுத்து ஏத்திவிடுங்கக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் குமுளிப் பக்கம் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். அவ எனக்குப் பின்னால எறங்கட்டும்.